கொக்கியூசி வந்த வழி

தர்மபுரி தனி மாவட்டமாவதற்கு முன், அதாவது 1965க்கு முன், சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்ததும், மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு அணித்தாயுள்ளதுமான கம்பைநல்லூரில், என் அம்மாயி வீட்டு வானொலிப் பெட்டியின்மேல் வெள்ளை நூலால் பின்னிய உறையொன்று கிடந்ததையும், அதன் நடுவே விரிந்திருந்த எட்டிதழ்ப் பூவைச் சிறு பிராயத்தில் நான் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணியதையும் நினைக்கும்போதெல்லாம், புன்செய்யும் புளியமரமுமாக இருக்கும் அந்தச் சீமைக்கு இவ்வித்தை எவ்வழியாக வந்து சேர்ந்தது என்னும் வினா எழுவதுண்டு. கேட்டால் அம்மாயி, "சும்மா இருந்த நேரத்துல போட்டது கண்ணு" என்பாள். அந்தச் 'சும்மா'வை நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

தமிழ் வழங்கும் நாட்டில் லேஸ் பின்னலின் சரித்திரம் நாகர்கோவிலில் தொடங்குவதாகக் கொள்ளலாம். லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்பாரும் அவர் மனைவி மார்த்தா அம்மையாரும் 1819இல் அங்கு வந்து சேர்ந்தனர். தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் 1821 முதல் அம்மையார் இத்தொழிலைக் கற்பிக்கலானார். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அந்த ராஜ்யத்தில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கி விற்கும் வழக்கம் 1855ஆம் வருஷத்துப் பிரகடனத்தால்தான் ஒழிந்தது. அப்பள்ளியில் பயின்ற பெண்களுள் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர்களும் இருந்தனர் என்பதையும், லேஸ் பின்னி ஈட்டிய கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கியவர்களும் அவர்களுள் உண்டு என்பதையும் சங்கத்தாரின் வரலாறுகள் கூறுகின்றன. சட்டம் வருவதற்கு முன்னே நூல் வந்து அவர்களை விடுவித்தது. மேனாட்டுச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டியை அலங்கரித்த பொருளுக்கு இதைவிடப் பெரிய மதிப்பு எந்தக் கடையிலும் கிடைத்திராது என்பது என் அபிப்பிராயம்.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். கணவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டதை நாம் மறக்கவில்லை. மனைவியார் இடையன்குடியில் பெண்களைக் கூட்டிவைத்துத் தாய்வீட்டுத் தொழிலாகிய லேஸைப் பரப்பியதைச் சொல்வார் குறைவு. பின்னர், 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த கன்னியர் மேரி லூயிஸ் தெ மீஸ்டர் அநாதைப் பெண்களுக்கு ஆதரவளித்த அவ்விடத்திலும் லேஸ் தொழில் வேரூன்றிற்று.

திண்டு லேஸ், குரோஷா என்னும் இரு வகையுள் பழையது திண்டு லேஸ். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றி முறுக்கி இழைப்பது. அதற்கு இடம் வேண்டும், உபகரணம் வேண்டும், எழுந்தால் வேலை நின்றுவிடும். அம்மாயி போட்ட கொக்கியூசிப் பின்னலாகிய குரோஷா அப்படியன்று. ஒரு கொக்கியூசி, ஒரு நூல்கண்டு, ஒவ்வொரு பின்னலும் முடிந்தபின் ஊசியில் தங்கியிருக்கும் ஒரே ஒரு வளையம். உலை பொங்கினால் மடியிலிருந்து கீழே வைத்துவிட்டு, அரிசியைக் களைந்து போட்டுவிட்டு வந்து, விட்ட இடத்தில் தொடரலாம். அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்கு அழுகி மக்கள் பட்டினியால் மடிந்தபோது, கன்னிமாடத்தார் ஏழைப் பெண்களுக்குக் கற்பித்த ஜீவனோபாயமும் இதுவே. ஆந்திர தேசத்து நரசாபுரத்தில் இது பல்லாயிரம் ஸ்திரீகளின் தொழிலாகியது. அவர்கள் நாள்தோறும் மணிக்கணக்கில் பின்னியவை வெளிநாடுகளுக்குச் சென்றும், ஏற்றுமதி செய்தவர்கள் 'வியாபாரிகள்' என்றும் பின்னியவர்கள் 'வீட்டுப் பெண்கள்' என்றும் அழைக்கப்பட்டதை மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1982இல் ஒரு நூலாகவே எழுதினார். அம்மாயியின் 'சும்மா' அந்நூலைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

கம்பைநல்லூருக்குக் குரோஷா வந்த வழி மிஷனரி வழியன்று. பள்ளிக்கூடத் தையல் ஆசிரியையின் வழி. சுதந்திரத்துக்குப் பின் மாதர் சங்கங்களும் தையல் வகுப்புகளும் சிற்றூர்களுக்கு வந்தபோது, கைக்குட்டை ஓரம், பாவாடை லேஸ், தலையணை உறை, வாசல் தோரணம், குத்துவிளக்கின்கீழ் இடும் வட்டம் முதலிய சிறு பொருள்கள் இரண்டு மூன்று மாலைப்பொழுதில் முடிவனவாதலால், கல்யாணச் சீரிலும் புதுமனை புகுவிழாவிலும் கையிருப்பில்லாத வீட்டுக்குக் கௌரவமான அன்பளிப்பாயின. இரண்டு ஊசிகொண்டு உல்லன் பின்னும் வித்தையோ எங்கள் பக்கத்தில் அவ்வளவாகச் செழிக்கவில்லை. பங்குனி வெயிலில் பிறந்த குழந்தைக்கும் குல்லாவும் காலுறையும் பின்னி மாட்டி அதை அழவைத்ததோடு சரி.

வலைத்துணி நெய்யும் பொறியை ஜான் ஹீத்கோட் 1809இலேயே இங்கிலாந்தில் உரிமைப் பதிவு செய்துவிட்டார். மார்த்தா அம்மையார் கற்பிக்கத் தொடங்கியபோதே லேஸுக்கு யந்திரம் போட்டியாக நின்றது. குரோஷாவை உள்ளபடி பின்னும் யந்திரமோ இன்றளவும் தொழிற்சாலை வழக்கத்துக்கு வரவில்லை. கடையில் மலிவாகத் தொங்கும் மேல்சட்டையும் மெய்யான குரோஷாவானால் எவளோ ஒருத்தியின் விரல் பின்னியதே. ஆகையால் அதன் விலைச்சீட்டைப் பார்க்கும் வாசகர் அவளுக்குச் சேர்ந்த கூலி எவ்வளவாயிருக்கும் என்று தாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அம்மாயியின் வானொலி பழுதாகிப் பழைய இரும்புக்காரனிடம் போய்ப் பல வருஷமாகிறது. உறை மட்டும் எங்கள் வீட்டில் மிக்ஸியை மூடிக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் ஒரு வளையம்கூட இன்னும் விடவில்லை.