கிளாரினெட்டும் திருகாணியும்

ஒரு கருவியிற் புதிய உறுப்புச் சேருங்கால், அது வேண்டுமோ வேண்டாவோ என்னும் வழக்கெழுதல் இயல்பே. சிறந்த கிளாரினெட்டுகளிற் சாவிகளைச் செப்பஞ்செய்தற்கென வைக்கும் திருகாணிகள் கொடுக்கும் பொருளுக்குத் தகுவனவோ என்பது அத்தகைய வழக்கு. சின்னமேளத்திற் புகுந்து, பின்னர் ஏ. கே. சி. நடராஜன் அவர்களாற் கச்சேரி மேடையிற் சிறந்த இக்கருவியை நம்மவர் பலர் பயில்கின்றனராதலின், இதனை யாம் ஆராயப் புகுந்தோம்.

ஜெர்மனியில், நூரென்பர்க் நகரத்து டென்னர் என்பார் 1700-ஆம் ஆண்டையொட்டி ஆக்கிய கிளாரினெட்டுக்குச் சாவிகள் இரண்டே. அந்நூற்றாண்டின் இறுதியில் ஐந்து சாவிக் கருவியே பெருவழக்காயிற்று. ஆயினும், எல்லாச் சுருதிக்கும் ஒரு கருவி பயன்படாமையின், வாசிப்போர் இரண்டு மூன்று கருவிகளைச் சுமந்து திரிந்தனர். இக்குறை நீக்க, ஈவான் முல்லர் என்பார் பதின்மூன்று சாவிகளும், காற்றுக் கசியாத தோல் மெத்தைகளும் அமைத்து, 1812-இற் பாரிஸ் இசைக்கல்லூரிக் குழுவினர்முன் வைத்தார். ஒரே கருவி வழங்கின் வெவ்வேறு கருவிகளுக்குரிய ஒலிவேறுபாடு அழியுமென்று அவர்கள் அதனை மறுத்தனர். குழு மறுத்ததை வாசிப்போர் ஏற்றனர், அவ்வமைப்பே பரவிற்று.

பின்னர் அக்கல்லூரி ஆசிரியர் குளோசேயும் கருவி வினைஞர் புஃபேயும் கூடி, வளையங்களோடு கூடிய புதிய அமைப்பொன்றை 1839-இற் காட்சிக்கு வைத்து, 1844-இல் உரிமைப் பட்டயம் பெற்றனர். அதில் ஒரு விரலசைவு பல சாவிகளை இயக்கும். திருகாணியின் தேவை இங்கேதான் மிகுகின்றது.

கீழ்ப்பாகத்திலுள்ள இரண்டு பெரிய மெத்தைகள் ஒரே கணத்தில் மூடுதல் வேண்டும். தக்கை அமுங்கினாலும், மெத்தை தேய்ந்தாலும் மயிரிழை இடைவெளி தோன்றும். தோன்றவே அடிச்சுரங்கள் பேசா. திருகாணியில்லையேல், உலோகத்தை வளைத்தல் அல்லது தக்கையை மாற்றல் வேண்டும். அது கைதேர்ந்தவன் தொழில். திருகாணியிருப்பின் சிறிது திருப்பினாற் போதும். வெளியூர்க் கச்சேரியில், மேடையேறும் வேளையிற் கருவி வாயடைத்தவனுக்கு இதனருமை விளங்கும்.

குற்றமும் உண்டு. இறுக்கமில்லாத திருகாணி அதிர்ச்சியாற் தானே நெகிழும். அறியாதவன் திருப்பின் ஒரு பழுது இரண்டாகும். ஆதலின் மெல்லிய தாட்டுண்டை மெத்தையடியில் வைத்து மூடி இழுத்து, இரண்டிடத்தும் பிடிப்பு ஒத்துளதோவென்று சோதித்த பின்னரே திருப்புளி எடுத்தல் முறை.

இவற்றால் யாம் துணிவது: இரு மெத்தைகள் ஒருங்கு மூடுமிடத்தும், ஒரு சாவி மற்றொன்றைத் தொட்டியக்குமிடத்தும் திருகாணி தகும். கையளவுக்கேற்ப ஏற்றியிறக்கும் பெருவிரற்றாங்கியும் தகும். ஏனைய இடங்களில் அஃது அணியேயன்றிப் பயனன்று. வாங்குவோர் திருகாணிகளை எண்ணிப் பாராது, அவை நிற்குமிடத்தை நோக்குவாராக. இளைஞர் வாசிப்போடு கருவியைப் பேணுங் கலையையும் கற்பாராக.