ரோலில் இடம் கிடைத்தவர்கள்

பிலிம் காலத்தைப் பற்றிய ஏக்கப் பேச்சில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: ஒரு ரோலில் 36 படம்தான், அதனால் ஒவ்வொன்றுக்கும் மதிப்பிருந்தது. உண்மைதான். ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் 12 படங்கள்தான் எடுக்க முடியும். ஆனால் பண்டம் குறைவாக இருக்கும் வீட்டில் பங்கீடு என்ற ஒன்றும் இருக்கும். சோற்றிலும் கறியிலும் அது எப்படி நடந்தது என்பது பெண்களுக்குத் தெரியும். பிலிமிலும் அப்படித்தான் நடந்தது.

1960இல் ஒன்றிய அரசு உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. பிலிம் பூசுவதற்குத் தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் தாளும் அங்கிருந்து வந்தன. சொந்த நாட்டில் செய்தபோதும் பிலிமும் கழுவும் கூலியும் சாதாரண வீட்டுக்குச் செலவுதான். அந்தச் செலவை யாருக்காகச் செய்தார்கள் என்பதே நம் கேள்வி.

ஓசூர்ப் பக்கத்து உறவு வீடுகளிலிருந்து சேர்த்த படங்களை, எடுக்கப்பட்ட காரணத்தின்படி அடுக்கினேன். ஆண்களுக்குக் காரணங்கள் பல: முதல் மொட்டை, புது சைக்கிள், பட்டமளிப்பு, வேலைக்குச் சேர்ந்த நாள், நண்பர்களோடு சும்மா ஸ்டூடியோவுக்குப் போன மாலை. பெண்களுக்கு மூன்றே காரணங்கள்: மஞ்சள் நீராட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம், கல்யாணம். பூ ஜடை (கன்னட வீடுகளில் மொக்கின ஜடை) தெரிவதற்காக முதுகுக்குப் பின்னால் கண்ணாடி வைத்து எடுத்திருப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் படத்தின் ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறாள், இடுப்பில் குழந்தையோடு.

படங்களின் பின்புறம் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று எழுத்துகளிலும் குறிப்புகள் இருக்கின்றன. மொழி மாறினாலும் வழக்கம் மாறவில்லை. ஆண்களுக்குப் பெயர், பெண்களுக்கு உறவு: 'பெரியவன் சம்சாரம்', 'மாலூர் மருமகள்'.

கேமராவைப் பிடித்த பெண்ணுக்கும் இதே நிலைதான். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் என்று அறியப்படும் ஹோமாய் வியாரவாலாவின் தொடக்க காலப் படங்கள் அவருடைய கணவர் பெயரில்தான் வெளியாயின.

வண்ண பிலிம் வந்தபோது இன்னொரு பாகுபாடும் சேர்ந்தது. கோடாக் நிறுவனம் அச்சகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரி அட்டையில் வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படம் இருந்தது. அந்தத் தோல் சரியாக விழும்படி நிறத்தைச் சரிசெய்வதே பல ஆண்டுகள் அளவுகோலாக இருந்தது. ஒரே படத்தில் மாநிறப் பெண்ணின் முகம் தெளிவாகவும் கறுத்த பெண்ணின் முகம் வெறும் நிழலாகவும் விழுந்தால், பழி அவள் நிறத்தின்மேல் போயிற்று.

இந்த மூன்று காரணங்களுக்கும் வெளியே பெண்களைத் தனியாகப் படமெடுத்தவை அலுவலகங்களே. சிப்காட் ஆலைகளுக்கு வேலைக்குப் போனவர்களுக்கு அடையாள அட்டைப் படம் வேண்டியிருந்தது. 1993இல் டி.என். சேஷன் காலத்தில் தேர்தல் ஆணையம் வாக்காளருக்குப் புகைப்பட அட்டை கொண்டுவந்தது. என் பாட்டி தனியாக இருக்கும் ஒரே படம் அந்த அட்டையில்தான் இருக்கிறது. அதிலும் கணவர் பெயர் உண்டு, ஆனால் முதலில் அவள் பெயர். அவள் இறந்தபின் ஸ்டூடியோக்காரர் அதைப் பெரிதாக்கி, வெறுங்கழுத்தில் நகை வரைந்து கொடுத்தார். இன்று மாலையோடு சுவரில் இருப்பது, அவள் ஒருநாளும் போட்டிராத அட்டிகை.

இன்று ஓசூருக்கு அருகே ஐபோனின் உறைப்பாகங்களைச் செய்யும் ஆலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் தங்களைத் தாங்களே படமெடுத்துக்கொள்ள யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பிலிம் போனதில் நமக்கு இழப்பு உண்டு. நெகட்டிவ் என்ற சாட்சி போய்விட்டது. ஆனால் பங்கீடும் அதோடு போனதற்கு நான் வருந்தமாட்டேன்.

பழைய படங்களை ஸ்கேன் செய்யும் முன் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் மூத்த பெண்கள் இருக்கும்போதே அவர்களை உட்காரவைத்து, படத்தில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் கேளுங்கள். பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்; பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும். 'மாலூர் மருமகள்' என்ற எழுத்தை அழிக்க வேண்டாம், அதுவும் வரலாறுதான். அதற்குக் கீழே அவள் பெயரைச் சேருங்கள்.