அடுக்கு சுவிட்ச்

அடுக்கு சுவிட்ச் என்பது தனித்தனி வலையமைப்புச் சுவிட்சுகள் பலவற்றைச் சிறப்புக் கேபிள்களால் பிணைத்து ஒரே சாதனமாக இயக்கும் முறை. அடுக்கு முழுவதற்கும் ஒரே ஐ.பி. முகவரியும் ஒரே அமைவுக் கோப்பும் போதும். சிஸ்கோ நிறுவனம் 2003இல் கேட்டலிஸ்ட் 3750 வரிசையுடன் ஸ்டாக்வைஸ் என்ற பெயரில் இத்தகைய முறையொன்றை அறிமுகப்படுத்தியது. அதில் 9 சுவிட்சுகள் வரை சேரலாம். ஜுனிப்பர் நிறுவனத்தின் வெர்ச்சுவல் சேசிஸ் இதையொத்த நுட்பம்.

இயங்கும் விதம்

கேபிள்கள் வளையமாக இணைக்கப்படும். ஓரிடத்தில் அறுந்தாலும் அடுக்கு இயங்கும். உள்வேகம் மட்டும் பாதியாகும். இரண்டு இடங்களில் அறுந்தால் அடுக்கு இரண்டாகப் பிளந்து, இரு பகுதிகளும் ஒரே முகவரியைக் கோரும். உறுப்புகளுள் ஒன்று தலைமை ஏற்று மற்றவற்றைக் கட்டுப்படுத்தும். அது பழுதானால் வேறொன்று அப்பொறுப்பை ஏற்கும்.

அமைவும் பராமரிப்பும்

ஸ்டாக்வைஸ் அடுக்கின் ஒவ்வொரு சுவிட்சுக்கும் உறுப்பு எண்ணும், 1 முதல் 15 வரையான முன்னுரிமை எண்ணும் உண்டு. ஒன்றாகத் தொடங்கும் சுவிட்சுகளில் முன்னுரிமை கூடியதே தலைமை பெறும்; எல்லாம் சமமாயின் மாக் முகவரி குறைந்தது வெல்லும். ஏற்கனவே தலைமையில் உள்ளதை, பின்னர் இயங்கத் தொடங்கிச் சேரும் சுவிட்ச் முன்னுரிமை கூடியதாயினும் அகற்றாது. எல்லா உறுப்புகளிலும் ஒரே மென்பொருள் பதிப்பு இருக்க வேண்டும். வெளி இணைப்புகளை இரண்டு உறுப்புகளில் பிரித்துப் பொருத்தினால், ஒன்று நின்றாலும் தொடர்பு அறாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில்

1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், இலங்கை உயர்கல்வி நிறுவனங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பில் உள்ளது. அதன் பிரதான வளாகம் திருநெல்வேலியில், நுண்கலைப் பிரிவு மருதனார்மடத்தில், பொறியியல் பீடம் குடாநாட்டுக்கு வெளியே கிளிநொச்சி அறிவியல் நகரில். இப்படிப் பரந்த வளாகங்களை இத்தகைய அடுக்கால் இணைக்க முடியாது: ஸ்டாக்வைஸ் கேபிள்கள் சில மீற்றர் நீளமே கொண்டவை. ஆகவே இம்முறை ஒரே கட்டிடத்தின் ஒரே அறைக்கே பொருந்தும். கட்டிடங்களுக்கும் ஊர்களுக்கும் இடையே ஒளியிழை தேவை.

இங்கு அடுக்கைத் திட்டமிடுவோர் முதலில் எண்ண வேண்டியது மின்சாரம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் குடாநாடு நீண்டகாலம் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்துண்டிப்பு அறிவிக்கப்பட்டது. அடுக்கின் சில உறுப்புகளுக்கு மட்டும் யு.பி.எஸ். கொடுத்தால், அடுத்தடுத்து இல்லாத இரண்டு சுவிட்சுகள் அணைந்ததும் வளையம் பிளக்கும். மின் மீளும்போது சுவிட்சுகள் ஒன்றாகத் தொடங்காவிட்டால், முதலில் எழுந்தது தலைமையைப் பிடித்துக்கொள்ளும். சேமிக்காத அமைவு அழிந்துபோகும்.

எனவே அடுக்கின் எல்லா உறுப்புகளையும் ஒரே யு.பி.எஸ். தொகுதியில் இணைப்பதும், தலைமைக்கு 15 என்ற முன்னுரிமையை இடுவதும், ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே சேமித்து அதன் பிரதியை வேறிடத்தில் வைப்பதும் இங்கு அடிப்படை விதிகள்.