தேர்வுக் கட்டணத்தில் வளர்ந்த பல்கலைக்கழகம்: சென்னையில் ஆட்சியும் நிதியும், 1857 முதல் இன்று வரை

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வருமான வரித் துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. கோரப்பட்ட வரி சுமார் 424 கோடி ரூபாய். அரசே உருவாக்கிய, மாநில ஆளுநரே வேந்தராக இருக்கும் ஒரு கல்வி நிறுவனத்துக்கு வரி ஏன்? காரணம் சட்டத்தில் இருந்தது. அரசின் நிதியால் முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ நடக்கும் பல்கலைக்கழகங்களுக்கு வருமான வரிச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ‘பெரும்பகுதி’ என்றால் மொத்த வரவில் பாதிக்கு மேல் என்று 2014இல் விதி வரையறுத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு மாநில அரசு தரும் மானியம் அந்தப் பாதியைத் தொடவில்லை என்பதே வரித் துறையின் வாதம்.

பொதுப் பல்கலைக்கழகம் என்று நாம் நம்பியிருக்கும் ஒன்று தன் வரவில் பாதியைக்கூடப் பொதுப்பணத்திலிருந்து பெறாத நிலைக்கு எப்படி வந்தது? அதன் செலவைத் தீர்மானிக்கும் அவைகளில் ஆசிரியர்களுக்கு எப்போது, எவ்வளவு இடம் கிடைத்தது? இவ்விரண்டையும் ஒரே வரலாறாகப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1857 செப்டம்பர் 5 அன்று நிறைவேறிய சட்டம் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. அது பாடம் நடத்தவில்லை; தேர்வு வைத்தது, பட்டம் அளித்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளான சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தில், வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். பல்கலைக்கழகத்துக்கென ஒரு வகுப்பறைகூட அப்போது இல்லை. கட்டடக் கலைஞர் சிசோம் வடிவமைத்து 1874க்கும் 1879க்கும் இடையில் கடற்கரையில் எழுந்த செனட் மாளிகையும் அவை கூடவும் தேர்வு நடத்தவும் பட்டமளிப்பு விழாவுக்கும் பயன்பட்ட கட்டடமே. அங்கே கூடிய செனட்டின் உறுப்பினர்களை ஆளுநர் நியமித்தார். நீதிபதிகளும் உயர் அதிகாரிகளும் மதப்பணியாளர்களும் அதில் நிறைந்திருந்தனர். தேர்வுக் கட்டணம் வந்தது, செலவு பெரும்பாலும் அதிலேயே அடங்கியது. ஆசிரியரே இல்லாத அமைப்பில் ஆசிரியரின் குரல் என்ற கேள்விக்கே இடமில்லை.

வைசிராய் கர்சனின் 1904ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்கள் பாடம் நடத்தவும் ஆய்வு செய்யவும் வழி திறந்தது. அதே சட்டம் செனட்டைச் சுருக்கி, 100 பேருக்கு மிகாத அவையில் 20 பேரை மட்டும் தேர்தலுக்கு விட்டு, மீதியை வேந்தர் கையில் பெரிதும் ஒப்படைத்தது. அரசின் பிடி இறுகுகிறது என்று கோகலே சட்ட மன்றத்தில் எதிர்த்துப் பேசினார். அவருடைய அச்சம் நியாயமானதே. ஆனாலும் அந்தச் சுருங்கிய அமைப்புக்குள்ளிருந்து சில துணிச்சலான முடிவுகள் பிறந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1913இல் பல்கலைக்கழகத்தின் நிர்வாக அவையான சிண்டிகேட், பட்டம் பெறாத ஒரு துறைமுக எழுத்தருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. விதிகள் கேட்ட தகுதி அந்த எழுத்தரான கணிதமேதை ராமானுஜனிடம் இல்லை. பணம் பல்கலைக்கழகத்தினுடையது, முடிவும் அதன் அவையினுடையது. அடுத்த ஆண்டே அவர் கேம்பிரிட்ஜில் தங்குவதற்கு ஆண்டுக்கு 250 பவுன் ஒதுக்கப்பட்டது. 1914–15இல் இந்திய வரலாற்றுக்கு ச. கிருஷ்ணசாமி ஐயங்காரும் இந்தியப் பொருளியலுக்கு கில்பர்ட் ஸ்லேட்டரும் பேராசிரியர்களானார்கள். அதே காலத்தில் தொடங்கிய தமிழ்ப் பேரகராதிப் பணி 1936 வரை நீண்டது. ஒரு லட்சம் ரூபாயில் முடியும் என்று தொடங்கிய வேலை ஏறத்தாழ நான்கு லட்சத்தில் நின்றது. இன்றைய தணிக்கைக் குறிப்பு ஒன்று அதை எப்படி எழுதியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் தமிழுக்கு வாய்த்தன என்பதே அந்தச் செலவின் கணக்கு. நீண்டகால ஆய்வுக்குப் பொறுமையான பணம் தேவை. அந்தப் பணத்தின்மீது கல்வி அவைகளுக்கு அதிகாரமும் தேவை.

இரட்டையாட்சியில் கல்வி இந்திய அமைச்சரின் பொறுப்பானதும், பனகல் அரசர் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த ஏ.பி. பாத்ரோ 1923ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருப்பது அதுவே. பாடத்திட்டம், தேர்வு, தரம் ஆகியவற்றுக்குக் கல்விக் குழு என்ற தனி அவை அமைந்தது. ஆசிரியர்கள் உரிமையோடு அமர்ந்த இடம் அது. ஆனால் நிர்வாகமும் பணமும் சிண்டிகேட்டிடம் இருந்தன. கற்பிப்பதை ஓரவையும் செலவழிப்பதை வேறோரவையும் தீர்மானிக்கும் இந்தப் பிரிவினையே பின்னால் வந்த பல சிக்கல்களுக்கு வேர் என்பது என் கணிப்பு. பின்னாளில் உயர்கல்வி, சட்டம் போன்ற துறைகளின் செயலாளர்கள் பதவிவழி உறுப்பினர்களாக சிண்டிகேட்டில் அமர்ந்தார்கள்; நிதிக்குழுவில் அரசின் நிதித் துறையும் இடம் பெற்றது. இவர்கள் கூடித் தயாரித்த வரவுசெலவுத் திட்டத்தின்மீது விவாதிக்கவே செனட்டுக்கு வாய்ப்பிருந்தது.

இந்தப் பிரிவினை நெடுங்காலம் வெளியே தெரியாமல் இருந்ததற்கு ஒரு காரணம், இணைவுக் கல்லூரிகளிலிருந்து வந்த வருவாய். ஏ. இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த காலத்தில் துறைகள் பெருகின. பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவியும் சேர்ந்தது. 1952இல் ஜி.என். ராமச்சந்திரன் பொறுப்பேற்ற இயற்பியல் துறையிலிருந்து இரண்டே ஆண்டுகளில் கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பு உலகுக்குத் தெரிந்தது. அத்தகைய துறைகளின் அன்றாடச் செலவுக்கு, எங்கோ ஒரு கல்லூரியில் தேர்வு எழுதிய மாணவரின் கட்டணமும் ஒரு பங்கு உதவியது.

அந்த வருவாய்ப் பரப்பு தொடர்ந்து சுருங்கியது. மைசூர் 1916இலும் ஆந்திரா 1926இலும் திருவிதாங்கூர் 1937இலும் பிரிந்தன. மதுரைக்கு 1966இல் தனிப் பல்கலைக்கழகம் வந்தது. 1982இல் கோவையும் திருச்சியும், 2002இல் வேலூரும் பிரிந்தன. மருத்துவம், சட்டம், பொறியியல், ஆசிரியர் கல்வி ஆகியவற்றுக்கெனத் தனிப் பல்கலைக்கழகங்கள் ஏற்பட்டன. 1978இல் லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, விவேகானந்தா ஆகியவை தன்னாட்சி பெற்றுத் தாமே தேர்வு நடத்தத் தொடங்கின. இவற்றில் பெரும்பாலானவை கல்வி நோக்கில் சரியான முடிவுகளே. வட்டாரப் பல்கலைக்கழகங்கள் இல்லாமல் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி எட்டியிருக்காது. ஆனால் ஒவ்வொரு பிரிவின்போதும் தாய்ப் பல்கலைக்கழகம் இழந்த வருவாயை ஈடுகட்ட நிலையான ஏற்பாடு எதையும் அரசு செய்யவில்லை. 1981இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் அந்த இடைவெளியைப் பல ஆண்டுகள் அடைத்தது. போட்டி பெருகி, விதிகள் இறுகியபோது அந்த வரவும் தளர்ந்தது. ஓய்வூதியச் சுமை மட்டும் ஆண்டுதோறும் ஏறியது. ஓய்வுபெறும் பேராசிரியர்களின் இடங்கள் நிரப்பப்படாமல், கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்புகள் நடக்கின்றன. அரசு மானியம் குறையக் குறையக் கட்டணங்களை நம்பவேண்டி வந்தது. கட்டண வரவின் பங்கு கூடியதால் வரிவிலக்கும் கேள்விக்குள்ளானது.

இந்த நெருக்கடியின் நடுவில்தான் தலைமையும் இல்லாமல் போனது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. தேடல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி இருக்க வேண்டுமா என்பதில் ஆளுநரும் அரசும் மாறுபட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இடைக்காலத்தில் உயர்கல்விச் செயலாளர் தலைமையிலான ஒருங்கிணைப்புக் குழு கோப்புகளில் கையெழுத்திட்டது. மானியம் கேட்க வேண்டிய நிறுவனத்தின் பொறுப்பும், மானியம் தரும் அரசின் பொறுப்பும் ஒரே அலுவலரிடம் சேர்ந்தால், பல்கலைக்கழகத்துக்காக வாதாட யார் இருக்கிறார்கள்?

துணைவேந்தரை யார் நியமிப்பது என்ற சண்டையில் ஆசிரியர் இரு தரப்பிலும் இல்லை. பணம் பற்றிய விவாதத்திலும் 1857 முதல் அவர் ஓரத்திலேயே நிற்கிறார். இரண்டு மாற்றங்களைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் செய்யலாம். ஊதியமும் ஓய்வூதியமும் முழுமையாக அரசின் பொறுப்பு என்பதை ஆண்டுதோறும் மாறும் ஆணைகளுக்கு விடாமல் 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதலாம். வரவுசெலவுத் திட்டம் சிண்டிகேட்டுக்குப் போகும் முன் கல்விக் குழுவின் முன்வைக்கப்பட வேண்டும் என்றும், நிதிக்குழுவில் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த ஆசிரியர்கள் இடம்பெற வேண்டும் என்றும் திருத்தம் கொண்டுவரலாம். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பே இவை அவையில் விவாதிக்கப்பட வேண்டும்.