மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு பொது நிழற்கடிகாரம்: அகலக்கோடு விதிக்கும் வடிவம்

வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. சூரியனை வைத்தே கரைகளைப் பிரித்துச் சொல்லும் இந்நிலத்தில் ஏறக்குறையப் பத்தாண்டுகள் இரு கரை மணிக்கூடுகளும் வேறுவேறு நேரத்தைக் காட்டின. 1996 இல் வரட்சியால் நீர்மின் உற்பத்தி வீழ்ந்தபோது அரசாங்கம் மே 25 அன்று நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திரும்ப எடுத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே தொடர்ந்தன. படுவான்கரையின் பெரும்பகுதி அப்போது அவர்களிடம் இருந்தது. எழுவான்கரையில் காலை ஒன்பது மணிக்குப் ‘பாதை’ எனப்படும் கடவைப் படகில் ஏறியவர் அக்கரையில் இறங்கும்போது அங்கே ஒன்பதாகியிருக்காது. 2006 ஏப்ரல் 15 அன்று அரசாங்கம் பழைய நேரத்துக்குத் திரும்பிய பிறகே கரைகள் ஒன்றுபட்டன.

இந்த வரலாற்றுக்கு வாவிக்கரையில் ஒரு பொது அடையாளம் வேண்டும் என்பதும், அது பெரிய நிழற்கடிகாரமாக இருக்க வேண்டும் என்பதும் என் நிலைப்பாடு. ஆனால் இக்கட்டுரை அதன் வடிவத்தைப் பற்றியது. நிழற்கடிகாரம் என்றதும் நம் மனத்தில் எழும் இரண்டு வடிவங்களும், அதாவது ஐரோப்பியத் தோட்டத்துக் கிடைத்தட்டும் ஜெய்ப்பூரின் சாம்ராட் யந்திரமும், இந்த அகலக்கோட்டுக்குப் பொருந்தாதவை. எது பொருந்தும் என்பதைக் கணக்கே சொல்கிறது.

மட்டக்களப்பு வட அகலக்கோடு 7.7 பாகையில் இருக்கிறது. நிழலைத் தரும் முள் பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டுமானால், அது தரையிலிருந்து 7.7 பாகை மட்டுமே எழும்பலாம். கிடைத்தட்டில் மணிக்கோடுகளின் இடைவெளி இந்தக் கோணத்தைப் பொறுத்தது. இலண்டனில் நண்பகலுக்கும் ஒரு மணிக்கும் இடையே சுமார் 12 பாகையும், மாலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே சுமார் 19 பாகையும் கிடைக்கும். மட்டக்களப்பில் அதே கணக்கைப் போட்டால் முதலாவது 2 பாகையாகச் சுருங்குகிறது, இரண்டாவது 63 பாகையாக விரிகிறது. காலை ஒன்பது தொடங்கி மாலை மூன்று வரையான ஆறு மணித்தியாலமும் சுமார் பதினைந்து பாகைக்குள் நெருங்கிக் கிடக்கும். எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் இந்த நெருக்கம் தீராது.

செங்குத்துத் தூணை நட்டுவிடலாம் என்ற யோசனை இன்னும் பலவீனமானது. ஏப்ரல் 9, 10 அளவிலும் செப்டம்பர் 2, 3 அளவிலும் சூரியன் நம் உச்சிக்கு நேரே வருகிறது. அன்று நண்பகலில் தூணுக்கு நிழலே இராது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து மாதம் நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே விழும். ஒரே மணிக்கான நிழல் பருவத்துக்குப் பருவம் திசை மாறுவதால் தூணைச் சுற்றி நிலையான மணிக்கோடு போட முடியாது.

சாம்ராட் யந்திரத்தை மறுப்பது அவ்வளவு எளிதல்ல. இரண்டாம் சவாய் ஜெய்சிங் எழுப்பிய ஜெய்ப்பூர் யந்திரம் 27 மீற்றர் உயரமானது. அதன் அளவுகோலில் நிழல் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். நேரம் ஓடுவதை இத்தனை நேரடியாகக் காட்டும் கட்டடம் வேறு உண்டா என்பது ஐயமே. ஆனால் ஜெய்ப்பூர் 27 பாகையில் இருக்கிறது. அங்கே சாய்சுவர் தானாகவே உயர்கிறது, இருபுறமும் உள்ள வில்வளைவுகளுக்கு வேண்டிய உயரத்தை அதுவே தந்துவிடுகிறது. இங்கே அதே நீளச் சாய்சுவர் 8 மீற்றரே எழும்பும். 15 மீற்றர் ஆரமுள்ள வளைவுகளை வைக்க, ஒன்று முழுச் சுவரையும் மேடை கட்டித் தூக்க வேண்டும், அல்லது வளைவுகளை நிலத்துக்குள் இறக்க வேண்டும். டெல்லியில் குழி தோண்டி இறக்கிய யந்திரத்தில் நீர் தேங்கியது. வாவிக்கரையில் சிறிது தோண்டினாலே ஊற்று வந்துவிடும்.

மிஞ்சுவது மூன்றாவது வடிவம். தளத்தையே பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து, அதன் மேலே அதே திசையில் ஒரு கம்பியை உயர்த்தி நிறுத்துவது. இத்தளத்தில் மணிக்கோடுகள் ஒன்றுக்கொன்று இணையான நேர்கோடுகளாக அமையும். வட நாடுகளில் இதற்குச் செங்குத்தான சாய்வு தேவைப்படுவதால் ஏறி நடக்க முடியாது. நமக்கோ 7.7 பாகைதான். பத்து மீற்றர் நீளத்துக்கு வடக்கு விளிம்பு சுமார் 1.35 மீற்றர் உயர்ந்தால் போதும். அது ஒரு முற்றம். பிள்ளைகள் ஓடி விளையாடலாம், மாரி மழை தெற்கே வடிந்துவிடும். பூமத்தியரேகைக்கு அருகே இருப்பதை ஒரு குறையாக அல்ல, இங்கு மட்டும் வாய்க்கும் வசதியாக எடுத்துக்கொள்ளும் வடிவம் இது.

கம்பியைத் தளத்திலிருந்து 3 மீற்றர் உயரத்தில் வைத்தால், நண்பகல் கோட்டிலிருந்து ஒரு மணிக்கோடு 80 சென்ரிமீற்றரிலும், இரண்டு 1.73 மீற்றரிலும், மூன்று சரியாக 3 மீற்றரிலும், நான்கு 5.2 மீற்றரிலும், ஐந்து 11.2 மீற்றரிலும் விழும். காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை காட்ட 22.4 மீற்றர் அகலம் வேண்டும். அத்துடன் எல்லாப் பருவத்திலும் நிழல் தளத்தின் கிழக்குமேற்கு நடுக்கோட்டைத் தொட, கம்பியும் 10 மீற்றர் நீள வேண்டும். எட்டு முதல் நான்கு வரை போதுமென்றால் அகலம் 10.4 மீற்றர், கம்பி 5.2 மீற்றர். செலவைப் பார்த்துச் சிறியதைத் தெரிவார்கள். நான் பெரியதைக் கேட்பேன். பாடசாலைக்குப் போகும் காலையும் வீடு திரும்பும் மாலையும் இல்லாத கடிகாரம் ஊருக்கு உதவாது.

நிழலின் விளிம்பு கூர்மையாக இராது. சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. 3 மீற்றர் கீழே புறநிழல் 2.8 சென்ரிமீற்றர் பரவும், நேரத்தில் அது இரண்டு நிமிடம். அந்த மங்கலில் ஓர் ஈர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால் ஈர்க்கின் நிழல் ஓரிடத்தில் தெளிந்து, பிறகு மறையும். அவ்விடத்தைக் கொண்டு விளிம்பைத் துல்லியமாகக் குறிக்கலாம். ஜெய்ப்பூரிலும் இந்த உத்தியே கையாளப்பட்டது.

கடிகாரம் எந்த நேரத்தைக் காட்ட வேண்டும்? இலங்கையின் நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டுக்குரியது, மட்டக்களப்பு 81.7 இல் இருக்கிறது. வித்தியாசம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே மேல். கொழும்புக்கு அது பத்து நிமிடத்தைத் தாண்டும். இந்த மூன்று நிமிடத்தைச் சரிசெய்யக் கோடுகளை நகர்த்தலாம் என்பார்கள். கூடாது. நகர்த்தினால் நண்பகல் கோடு கம்பிக்கு நேர் கீழே இருக்காது, இவ்வூரின் உச்சிப்பொழுது வேறோர் ஊருக்காக விலகிப்போகும். ஆண்டுக்குள் நேரும் ஏற்ற இறக்கமோ இதைவிடப் பெரிது. பெப்ரவரி நடுப்பகுதிக்குச் சற்று முன் நிழலின் நண்பகல் மணிக்கூட்டில் 12.17 ஆகவும், நவம்பர் தொடக்கத்தில் 11.47 ஆகவும் இருக்கும். அதற்கான வளைகோட்டைத் தனிக் கல்லில் வெட்டி அருகே நிறுத்தலாம். அதே கல்லில் இன்னும் இரண்டு எண்கள் இருக்க வேண்டும்: 1996 மே முதல் ஒக்டோபர் வரை அரசு மணிக்கூட்டில் இங்கு சராசரி நண்பகல் 1.03, பின்னர் 2006 வரை 12.33. படுவான்கரையில் அப்போதும் 12.03. சூரியனோடு ஒத்துப்போனது பழைய நேரம்தான். ஆனால் அதற்குக் காரணம் எவருடைய கொள்கையும் அல்ல, நெடுங்கோடு.

கம்பியின் நடுவில் ஓர் உலோகக் குண்டைப் பொருத்தினால் அது நாட்காட்டியும் ஆகும். சித்திரைப் புத்தாண்டு நண்பகலில் குண்டின் நிழல் நடுக்கோட்டுக்குத் தெற்கே அரை மீற்றரில் விழும், தைப்பொங்கலன்று வடக்கே 1.17 மீற்றரில். இவ்விரண்டுக்கும் கல் பதித்தால் போதும். பன்னிரண்டு மாதத்துக்கும் கோடு கீறினால் தளம் குழம்பிவிடும்.

இடத்துக்கு என் தெரிவு மண்முனைப் பாலத்தின் அருகு. முன்பு பாதை ஓடிய துறை அது. கீழ்வானமும் மேல்வானமும் திறந்திருக்கின்றன, கரையோரத் தென்னைகளை மட்டும் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு நில்லாது, கம்பி வெண்கலமாகவோ கடல்தரத் துருப்பிடியா உருக்காகவோ இருக்கட்டும். தளத்துக்குக் கருங்கல்.

எல்லாவற்றிலும் கடினமானது அத்திவாரம். உரோமில் அகஸ்டஸ் நிறுத்திய எகிப்தியத் தூண் முப்பது ஆண்டுகளாகப் பிழைகாட்டி வந்ததாகப் பிளினி எழுதினார். தைபர் ஆற்று வெள்ளத்தால் அடித்தளம் இறங்கியிருக்கலாம் என்பது அவர் தந்த காரணங்களில் ஒன்று. நம் தளத்தின் கிழக்கு அல்லது மேற்கு விளிம்பு 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் ஒரு நிமிடப் பிழை வரும். ஆகவே முளைகளை உறுதியான மண்படை வரை இறக்கி, சில மாரிகளில் மட்டம் பார்த்த பிறகே மணிக்கோடுகளை வெட்ட வேண்டும். வடக்கைக் காந்த ஊசியால் அல்ல, சங்கு எனும் செங்குத்துக் கோலை நட்டு, அதைச் சுற்றி வரைந்த வட்டத்தைக் காலையும் மாலையும் தொடும் நிழல்களால் எடுக்கலாம். கயிறு பிடித்து நிழல் பார்த்துத் திசைகண்டு மனை வகுத்த முறையை நெடுநல்வாடை அறியும். அதைச் செய்ய ஜூன் 21 ஐ ஒட்டிய நாட்கள் உகந்தவை. அப்போது சூரியனின் வடதென் நகர்வு ஏறக்குறைய நின்றுவிடுவதால் இரு நிழல்களும் ஒத்துவரும், வானமும் தெளிவாக இருக்கும்.