நாய்க்கு ஊசி, ஊருக்குக் காப்பு

கொச்சி நகரத்து மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகளுக்கு இடையே செல்லும் குறுகிய தெருக்களில், மனிதருக்கு உள்ள உரிமை நாய்க்கும் பூனைக்கும் உண்டு என்றே தோன்றும். எலியை ஒழிக்கப் பூனையும், இரவுக் காவலுக்கு நாயும் மனிதனுக்கு நெடுங்காலத் துணைகள். ஆயினும், இத்துணைகளின் வாயிலாகவே நம்மை வந்தடையும் கொடிய நோய் ஒன்றுண்டு. வெறிநாய்க் கடியால் விளையும் அந்நோயை ஜலபீதி என்பர். அதன் குறிகள் தோன்றிய பின் பிழைத்தவர் மிக மிக அரியர். அதனைத் தடுக்க மனிதன் மேற்கொண்ட முயற்சியின் வரலாற்றை நாம் சிறிது காண்போம்.

நோய் புதிதன்று. வெறிகொண்ட விலங்கின் நஞ்சைப் பற்றியும், கடியுண்டவன் நீரைக் கண்டு அஞ்சுவது மரணக் குறி என்பதைப் பற்றியும் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. கேரளத்திலும் விஷ வைத்தியம் செழித்தோங்கியது. கொச்சி அரச குடும்பத்தைச் சேர்ந்த கொச்சுண்ணித் தம்புரானே அத்துறையில் ‘பிரயோக சமுச்சயம்’ என்னும் நூலை இயற்றினார். எனினும், ஜலபீதியை வெல்லும் வழி பழைய வைத்தியர் எவருக்கும் புலப்படவில்லை.

அவ்வழியைக் கண்டவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர். இந்நோயின் வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பின் வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஊர்ந்து செல்கிறது. அது மூளையை எட்டுமுன் உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கிவிட்டால் உயிர் தப்பும். 1885 ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்கு அவர் தம் மருந்தைச் செலுத்தத் தொடங்கினார், சிறுவன் பிழைத்தான். இங்கே நாம் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. அச்சிறுவனுக்கு முன்னரே 50 நாய்களுக்கு அம்மருந்தால் காப்பளித்துத் தம் முறையைப் பாஸ்டர் சோதித்திருந்தார். முதலில் காப்புப் பெற்றது நாயே.

இந்தியாவில் 1900-இல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. தென்னாட்டார்க்கோ அது எட்டாத தொலைவு. 1902-இல் இங்கே சிகிச்சை கிட்டாது ஓர் ஆங்கில நங்கை ஜலபீதியால் மாண்டது பலர் உள்ளத்தையும் உருக்கியது. ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் அளித்த நன்கொடையின் ஒரு பகுதியும் துணைநிற்க, 1907-இல் நீலகிரியின் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பெற்றது. அந்நாளில் மட்டாஞ்சேரியில் கடியுண்டவர், காயலைப் படகில் கடந்து எர்ணாகுளம் சேர்ந்து, 1902-இல் வந்த இருப்புப்பாதை வழியே ஷொரனூர் சென்று, வண்டி மாறி மேட்டுப்பாளையம் அடைந்து, அங்கிருந்து மலை ரயிலில் குன்னூர் ஏற வேண்டும். நரம்பில் ஊரும் நஞ்சுக்கும் தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்கும் அது ஒரு பந்தயமே.

1911-இல் கசௌலியில் டேவிட் ஸெம்பிள் கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று புதிய மருந்து செய்தார். அதனை ஊர்தோறும் அனுப்ப இயன்றமையால் நெடும்பயணம் குறைந்தது. ஆயின், ஆட்டு மூளையிலிருந்து செய்த அம்மருந்தைத் தொடர்ந்து பல நாள் வயிற்றில் குத்திக்கொள்ள வேண்டும்; சிலருக்கு அதனாலேயே வாதமும் கண்டது. 2004-ஆம் ஆண்டுடன் இந்தியா அதனைக் கைவிட்டு, உயிரணு வளர்ப்பில் செய்யப்பெறும் மருந்துக்கு மாறியது.

இவையெல்லாம் கடியுண்ட பின் செய்யும் காரியங்கள். நோய் பிறக்கும் இடத்திலேயே அதனைத் தடுத்தால் என்ன? 1921-இல் ஜப்பானில் உமேனோ, தோய் என்னும் இருவர் நாய்களுக்கு ஒரே முறை செலுத்தும் மருந்தைப் பற்றி வெளியிட்டனர். 1950-இல் அந்நாடு நாய்களுக்கு ஊசியைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. 1957-க்குப் பின் உள்நாட்டில் அந்நோய் எவ்விலங்கிலும் தோன்றவில்லை. நம் அண்மையிலும் சான்று உண்டு. தெருநாய்களுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டுவந்த கோவா, 2021-இல் வெறிநோய் கட்டுப்பட்ட மாநிலம் என அறிவிக்கப்பெற்றது.

கேரளத்தின் நிலை என்ன? 2022-இல் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊசி போட்டுக்கொண்டும் உயிர் தப்பாத 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் அவர்களுள் ஒருத்தி. முகத்திலும் கையிலும் நேரும் கடியில் நஞ்சு விரைந்து முந்திக்கொள்ளக் கூடும். அவ்வாண்டு செப்டம்பரில் தெருநாய்களுக்கு ஊசி போடும் தனி இயக்கத்தை அரசு தொடங்கியது. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு 70 காப்புப் பெற்றால் நோயின் சங்கிலி அறுபடும் என்பர் அறிஞர். தெருவில் பழைய நாய்கள் மறையும். புதிய குட்டிகள் பிறக்கும். ஆதலால் ஓராண்டுப் பணியோடு இது முடிவதன்று.

கடியுண்டால் உடனே கால் மணி நேரம் சோப்பும் நீரும் கொண்டு புண்ணைக் கழுவி மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். வீட்டு நாய்க்கும் பூனைக்கும் தவறாது ஊசி போடுதல் வேண்டும். தெருநாய்க்கு ஊசி போட வருவோர்க்கு வழிவிட்டு உதவுதலும் வேண்டும். பாஸ்டர் நாயிடத்தில் தொடங்கிய பணியை நாமும் நாயிடத்திலேயே முடிப்போமாக.