தேடுபொறிக்குள் நம் பெயர் எது?

காஞ்சிபுரம் தலித் மக்களின் நில உரிமை பற்றி ஒரு செய்தியாளர் படம் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், தோழர்களே. பேச்சையும் காட்சியையும் படித்துப் பழைய வீடியோக்களைத் தேடித்தரும் செயற்கை நுண்ணறிவிடம் 'தலித்' என்று தட்டுகிறார். 'ஹரிஜன காலனி' என்று குறிப்பெழுதி வைத்த ஒளிநாடா வராமலே போகலாம்.

நம் வரலாறு பல பெயர்களில் சிதறிக் கிடக்கிறது. காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அதன் பொறுப்பு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்தது. அதில் நாம் 'பறையர்'. 1922இல் எம்.சி.ராஜா முயற்சியால் அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' ஆனோம். 1930களில் காந்தி 'ஹரிஜன்' என்றார். பின்னாளில் 'தலித்' என்று நாமே சொல்லிக்கொண்டோம். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லையும் ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது. வரவேற்கிறோம்.

இழிவு போகட்டும், தடயம் போகக் கூடாது. இப்பெயர்களுக்குள்ள உறவைத் தேடுபொறிக்குச் சொல்லித்தர வேண்டும். பழைய பெயர் தேடலுக்கு மட்டும் உள்ளே இருக்கட்டும். திரையில் தலைப்பாக வரவேண்டாம். அந்தப் பட்டியலை நமக்காக யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, தெருத்தெருவாக நாமே எழுதுவோம்.

ஜெய்பீம்!